நாற்பத்து நான்காம் அளவு

மர்டோவுக்கு உயரம் என்றால் பயமில்லை. பேக்கரியின் தகரக் கூரை ஒழுகினால் அவன்தான் ஏறி அடைப்பான். அவனுக்குப் பயமெல்லாம் தன் இரண்டு கைகளைப் பற்றித்தான்.

பதினேழு வருடமாக மாவு பிசைந்த கைகள் அவை. எதையாவது பிடித்துவிட்டால் லேசில் விடாதவை. போன வருடக் குளிர்காலத்தில், ரெமுடாகா மலைப்பாதையில் மனைவி மெரியானா கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. அவள் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மர்டோவின் கை, அவனைக் கேட்காமலேயே பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தது. கார் தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டு போய் நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது. தரை எங்கே என்று தெரியவில்லை. மெரியானா இயந்திரத்தை அணைத்தாள். பிறகு, "என் கையில இருக்கிறதை இனிமே தொடாத" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அங்கே கோடை தொடங்கும் நவம்பரில் மெரியானாவுக்கு, மாஸ்டர்டனுக்கு வெளியே இருக்கும் புல்தளத்தின் பழைய விமானச் சங்கத்தில், திறந்த இருக்கை கொண்ட இரட்டை இறக்கை விமானத்தில் ஆள் ஏற்றிப் பறக்க அனுமதி கிடைத்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக அனுமதி பெற்றவரின் முன் இருக்கையில் முதலில் உட்கார வேண்டியது அவர் வீட்டு ஆள். அதுவரை வேறு யாரும் அந்த இருக்கையைக் கேட்க மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. முன் இருக்கைக்கும் ஓட்டுகோல் உண்டு. கால்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கோலும், பின்னால் விமானியின் கையில் இருப்பதும் அடியில் ஒரே தண்டால் இணைந்தவை. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். சாதாரணப் பயணி வந்தால் முன் கோலைக் கழற்றி வைத்துவிடுவார்கள். முதல் பயணிக்கு மட்டும் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் வீட்டு ஆளையே நம்பவில்லை என்று ஆகுமாம்.

நான்கு மாதம் மர்டோ சாக்குச் சொன்னான். அடுப்பு பழுது, காது வலி, கிறிஸ்துமஸ் ஆர்டர். சங்கத்து மெக்கானிக் டெஸ், பேக்கரிக்கு வரும்போதெல்லாம் கேலி செய்வான்: "என்ன மர்டோ, உன் பொண்டாட்டி முன்சீட்டுல எடைக்கு மணல் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் பறக்குறா. மூட்டைக்குப் பேரு வச்சிட்டோம், தெரியுமா? மர்டோ!"

சங்கம் ஊராருக்கெல்லாம் விமானங்களைக் காட்டும் மார்ச் மாதத் திறந்தநாளுக்கு வருகிறேன் என்று கடைசியில் அவன் சொன்னபோது மெரியானாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவன் பயந்து அந்தக் கோலைப் பிடித்துவிட்டால் இரண்டு பேரும் சாக வேண்டியதுதான். அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால், நீ ஓட்டுவதை நான் நம்பவில்லை என்றுதானே அவள் காதில் விழும்?

திறந்தநாளில் பறப்பவர்கள் எல்லோரும் போர்க்கால விமானிகளின் தோல் ஜாக்கெட் போடுவார்கள். அசல் கிடைக்காது, கிடைத்தாலும் தையல் விட்டுப் போயிருக்கும். அசலைப் பிரித்து, அச்செடுத்து, பொத்தான் வரை அதே மாதிரி புதிதாகத் தைப்பவள் கீரா. அவள் கடை விமானக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. முப்பது வயது, கழுத்து வரை பச்சை குத்தியிருப்பாள், வாயில் எப்போதும் நாலு ஊசி.

"கையைத் தூக்கு ப்ரோ" என்று மர்டோவின் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். "மூச்சை விடு."

"விட்டுட்டேன்."

"பொய் சொல்லாத. டேப் சொல்லுது. மூணு இஞ்ச் காத்தை உள்ளயே பூட்டி வச்சிருக்க. யாருக்காகச் சேர்த்து வைக்கிற?"

மர்டோ சிரிக்கப் பார்த்தான். மூச்சு கொஞ்சம் வெளியேறியது. "நாப்பது" என்று கீரா எழுதிக்கொண்டு, கொக்கியிலிருந்து ஒரு பழுப்பு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டாள். தோள் தையல் தோள் எலும்பின் மேலேயே உட்கார்ந்தது. அக்குள் வெட்டு உயரமாக, உடம்போடு ஒட்டியிருந்தது. கீழ்விளிம்பில் இருந்த கம்பளிப் பின்னல் பட்டை பெல்ட்டின் மேல் வந்து கவ்வியது. ஜிப்பை ஏற்றியதும் மர்டோவுக்கு யாரோ மாரில் உட்கார்ந்தது போல இருந்தது.

"இறுக்குதே."

"நின்னா இறுக்கத்தான் செய்யும். இது நிக்கிறதுக்குத் தைச்சது இல்ல, உக்கார்றதுக்குத் தைச்சது. இதைப் போட்டுக்கிட்டு நடந்தவன் யாரு? உக்காந்து பறந்தவங்கதான். எல்லாரும் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துட்டு, இறுக்குதுன்னு ரெண்டு சைஸ் ஏத்தி வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் உக்காந்தா வயித்துல குட்டி சுமக்குற மாதிரி தோல் குமிஞ்சு நிக்கும். வா, இதுல உக்காரு."

மூலையில் ஒரு பழைய விமான இருக்கை இருந்தது. அதன் முன்னால் பலகையில் ஓட்டை போட்டு ஒரு துடைப்பக் கம்பை நட்டு வைத்திருந்தாள். அவளிடம் ஜாக்கெட் வாங்கும் எவரும் அதில் உட்கார்ந்து, கம்பை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்ட வேண்டும். கம்பு தோலில் எங்கும் தொடாமல் வயிறு வரை வந்தால்தான் அளவு சரி.

மர்டோ உட்கார்ந்தான். கம்பைப் பார்த்தான். அவன் வலது கை தானாகப் போய் அதைப் பிடித்தது. பிடித்தது என்றால், முட்டி வெளுக்கும்படி பிடித்தது.

"அடேயப்பா! கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிற" என்றாள் கீரா.

அவன் சடாரென்று எழுந்துவிட்டான். "மூச்சு முட்டுது. பெருசு குடு. உள்ள ஸ்வெட்டர் வேற போடணும்."

நாற்பத்திரண்டும் முட்டியது. நாற்பத்து நான்கைப் போட்டதும்தான் மார்பு விடுதலையானது. கண்ணாடியில் ஜாக்கெட்டுக்குள் ஒரு ஆள் ஒளிந்துகொண்டிருப்பது போலத் தெரிந்தது. அதுவே அவனுக்குப் பிடித்திருந்தது.

"இதுல நானும் நீயும் சேர்ந்து குடித்தனம் பண்ணலாம்" என்றாள் கீரா. "தோள் பாரு, முழங்கைக்கு வந்துடுச்சு. காத்து பூந்தா பலூன் ஆயிடும் ப்ரோ. உக்காந்தாவது பாரேன்."

"வேணாம். இதுவே போதும்."

"பேக்கரிக்காரன் பிடிவாதம்! சரி, ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டு வா, மாத்தித் தரேன். அழுக்காக்காத."

அவன் வீட்டுக்கு வந்து மெரியானாவிடம், உட்கார வைத்து அளவு பார்த்தார்கள், கச்சிதமாக இருக்கிறது என்றான். அவள் தோளைத் தொட்டு, "கொஞ்சம் பெருசா இல்ல?" என்றாள். "இப்போ அதுதான் ஸ்டைலாம்" என்றான்.

திறந்தநாள் நல்ல வெயில். தரரூவா மலைத்தொடரின் மேல் மேகம் ஒன்றுமில்லை. டெஸ்தான் அவனை இறக்கையில் ஏற்றி, முன் இருக்கையில் இறக்கி, தோள்வார் இரண்டையும் இடுப்புவாரோடு சேர்த்து ஒரே கொளுவியில் பூட்டினான்.

"மணல் மூட்டைக்கு வேலை போச்சு" என்று சொல்லி மர்டோவின் தலைக்கவசத்தில் தட்டினான். "வாந்தி வந்தா உன் சட்டைக்குள்ளேயே எடு. விமானத்தை நான்தான் கழுவணும்."

வெயிலுக்கு மர்டோ ஜாக்கெட்டைத் திறந்துவிட்டிருந்தான். தோல் இரண்டு பக்கமும் விலாவோடு ஒதுங்கிக் கிடந்தது. தலைக்கவசத்தில் இருந்த கருவி வழியாகக் காதுக்குள் மெரியானாவின் குரல் வந்தது. அவள் அவனுக்குப் பின்னால், பார்க்க முடியாத இடத்தில் இருந்தாள்.

"ஸ்டிக்கை முழுசா ஆட்டிப் பாக்குறேன். உன் வயித்துல எங்கயாவது இடிக்குதா?"

கோல் தானாக முன்னே போனது, இடமும் வலமும் சாய்ந்தது, பின்னே வந்து அவன் ஸ்வெட்டரை லேசாகத் தொட்டது. கண்ணுக்குத் தெரியாத யாரோ அவன் மடியில் உட்கார்ந்து ஓட்டுவது போலிருந்தது.

"இல்ல. இடிக்கல."

"பயமா இருக்கா?"

"இல்லையே."

விமானம் ஓடி எழும்பியபோது மர்டோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். விரல்கள் மரத்துப் போயின. மரத்தால் நல்லதுதான் என்று நினைத்தான். கீழே ருவாமஹங்கா ஆறு சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. அவன் ஆற்றைப் பார்க்கவில்லை, கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையும்போதெல்லாம் அவன் கை தொடைக்கு அடியில் துடித்தது. பிடிக்காதே, பிடிக்காதே என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான்.

இரண்டாயிரம் அடியில் குளிர் எலும்பைத் தொட்டது. பற்கள் கிட்டின. தோள்வாருக்கு அடியில் கையை நுழைத்து, ஜாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து, ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினான். கைகளை மறுபடியும் தொடைக்கு அடியில் அனுப்பினான். காற்று கழுத்து வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் உள்ளே புகுந்து முதுகை ஊதிப் பெரிதாக்கியது. மேலே தோள்வார் அழுத்தியது, கீழே இடுப்புவார் இறுக்கியது. மிஞ்சிய தோல் முழுதும் போக்கிடம் இல்லாமல் வயிற்றின் மேல் மடிந்து, கனத்த பொதியாக முன்னே தள்ளி நின்றது. கழுத்துப்பட்டை முகவாயில் படபடத்ததால் அவன் குனிந்து பார்க்கவில்லை.

"நல்லா உக்காந்திருக்க" என்றாள் மெரியானா. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, பிழைத்தேன் என்று நினைத்தான். "இறங்கப் போறேன்."

இயந்திரச் சத்தம் தணிந்தது. வேலியோரப் பாப்லர் மரங்கள் சக்கரத்துக்கு அடியில் நழுவின. புல் எழும்பி வந்தது. கடைசி நொடியில் கோலை மெல்ல வயிறு வரை இழுத்தால்தான் விமானம் மூக்கைத் தூக்கி மென்மையாக உட்காரும். கோல் பின்னே வந்தது. வந்து, பாதியில் நின்றது.

சக்கரங்கள் தரையில் அறைந்தன. மர்டோவின் பற்கள் நாக்கைக் கடித்தன. விமானம் குதிரை துள்ளுவது போல மேலே எகிறியது. ஒரு இறக்கை சாய, எதிரே கூட்டம் நிற்கும் கயிற்று வேலி தெரிந்தது. இயந்திரம் அலறியது. அவள் முழு விசை கொடுத்துவிட்டாள். கூடாரங்களும் திரும்பிய முகங்களும் கீழே சரிந்து மறைந்தன. விமானம் தள்ளாடித் தள்ளாடி ஏறியது.

"விடு!" என்று காதுக்குள் கத்தல் வந்தது. "மர்டோ, ஸ்டிக்கை விடு! கையை எடு! எங்களைக் கொன்னுடாத!"

'எங்களை' என்று ஏன் சொன்னாள்? அவளோடு சேர்த்து வேறு யாரை? ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை, பிடித்திருக்கிறோமா இல்லையா என்று. கைகள் மரத்திருந்தன. அவை எங்கே இருக்கின்றன? உருவிப் பார்த்தான். இரண்டும் தொடைக்கு அடியிலிருந்துதான் வந்தன. இரண்டையும் தலைக்கு மேலே, காற்றுக்குள் தூக்கினான்.

"பாரு! என் கையைப் பாரு! நான் பிடிக்கல மெரி! சத்தியமா பிடிக்கல!"

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தூக்கிய கைகளை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ எது பிடிச்சிருக்கு?" அவள் குரல் மாறியிருந்தது. கத்தலைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் அவனை அதிகம் பயமுறுத்தியது. "பின்னாடி வர மாட்டேங்குது. பாதிக்கு மேல வரல. கீழ பாரு. என்ன இருக்கு பாரு."

கழுத்துப்பட்டையைக் கையால் அமுக்கிக் குனிந்தான். கோலின் தலை, பழுப்புத் தோலின் மடிப்புக்குள் புதைந்திருந்தது. அவள் இழுக்க இழுக்க, அது அவன் வயிற்றுப் பொதியில் முட்டி முட்டி நின்றது.

"ஜாக்கெட்" என்றான். நாக்கில் இரத்தம் உப்புக் கரித்தது. "என் ஜாக்கெட்தான். பெருசு. குமிஞ்சு கிடக்கு."

"ஜிப்பை இறக்கு."

இறக்கப் பார்த்தான். ஜிப் தோள்வார்கள் சேரும் கொளுவியின் அடியில், மடிப்புக்குள் மாட்டிக்கொண்டது. தோலை மேலே இழுத்தான், இடுப்புவார் விடவில்லை. பக்கவாட்டில் ஒதுக்கினான், காற்று திரும்ப நிரப்பியது.

"வார் அழுத்துது. வரல."

விமானம் புல்தளத்தைச் சுற்றி அகலமாகத் திரும்பியது. கீழே மக்கள் மிளகு சிதறினாற்போல நின்றார்கள்.

"மர்டோ, கேளு. வாரைக் கழட்டணும். கழட்டிட்டு ஜாக்கெட்டை முழுசா எடுக்கணும். நான் இன்னும் உயரம் போறேன். நேரா வச்சிருப்பேன், ஆட்ட மாட்டேன். எந்திரிக்காத. உக்காந்தபடியே கழட்டு. ஜாக்கெட் கையை விட்டுப் போகக் கூடாது. வால்ல போய் மாட்டிக்கிச்சுன்னா அதோட முடிஞ்சது. புரியுதா?"

"வேற வழி இல்லையா?"

"இல்ல."

மூவாயிரம் அடியில் அவள் விமானத்தைச் சமன் செய்தாள். "இப்போ" என்றாள்.

கொளுவியில் விரலை வைத்தான். விரல் திறக்க மறுத்தது. அது வேறு யாருடைய விரலோ போல இருந்தது. கண்ணை மூடினால் முடியும் என்று தோன்றியது. மூடினால் கோலில் இடித்துவிடுவோம் என்றும் தோன்றியது. திறந்த கண்ணோடு அமுக்கினான். நான்கு வார்களும் ஒரே நேரத்தில் தெறித்து விழுந்தன. உடனே உடம்பு எடையே இல்லாதது போலானது. இருக்கைக்கும் வானத்துக்கும் நடுவே இனி ஒன்றும் இல்லை. சின்னக் காற்றுக் குழி ஒன்று விமானத்தை ஒரு சாண் கீழே போட்டது. மர்டோ அந்த ஒரு சாணும் இருக்கையை விட்டு எழும்பி விழுந்தான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை பாய்ந்தது. கோலை நோக்கித்தான் பாய்ந்தது. பாதி வழியில் அதைத் திருப்பி இருக்கையின் விளிம்பைப் பிடிக்க வைத்தான். எப்படித் திருப்பினான் என்று பிறகும் அவனுக்குத் தெரியவில்லை.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன். பயமா இருக்கு மெரி. ரொம்பப் பயமா இருக்கு."

"தெரியுது. பேசிக்கிட்டே இரு. ஜிப் வருதா?"

"வருது. வருது... இறங்கிடுச்சு."

இடது தோளைக் குறுக்கினான். அளவு பெரிதென்பதால் கை சுலபமாக வெளியே வந்தது. வந்ததுதான் தாமதம், காலிக் கையைக் காற்று பிடித்துக்கொண்டது. அது நிமிர்ந்து எழுந்து, கன்னத்தில் ஓங்கி அறைந்து, பின்னால் பறக்கத் துடித்தது. முழு ஜாக்கெட்டும் அவனைக் கூடவே இழுத்துக்கொண்டு எழும்பியது. வலது கை இன்னும் உள்ளே மாட்டியிருந்தது.

"போகுது! போகுது!"

"விடாத! மர்டோ, விடாத!"

கழுத்துப்பட்டையைப் பிடித்தான். மாவு மூட்டையைக் கட்டிப் பிடிப்பது போலத் தோலை மார்போடு அணைத்து, குனிந்து, அதன் மேல் முழு உடம்பையும் சாய்த்தான். சத்தம் அடங்கியது. வலது கையை உருவினான். கோலில் படாமல், விரற்கடை விரற்கடையாக ஜாக்கெட்டை உருட்டி, தொடைக்கு அடியில் திணித்து, அதன் மேல் உட்கார்ந்தான். மேலே ஸ்வெட்டர் மட்டும்தான். குளிர் ஆயிரம் ஊசியாக இறங்கியது. வார்களைத் திரும்பப் பூட்டும்போது விரல்கள் நான்கு முறை தவறின. ஐந்தாவது முறை சொடுக்கென்று விழுந்தது.

"பூட்டிட்டேன்."

"இழுத்துப் பாரு."

"இழுத்தேன். பிடிக்குது."

"ஸ்டிக்கை முழுசா இழுக்கப் போறேன், கொஞ்சமா மூக்கு தூக்கும். பாத்துச் சொல்லு."

கோல் பின்னே வந்தது. பாதியைத் தாண்டியது. ஸ்வெட்டரை வந்து தொட்டது.

"வயித்தைத் தொட்டிருச்சு."

"கையை எங்க வச்சிருக்க?"

"தலைக்கு மேல."

"அங்கேயே வை" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நான் பாக்குற மாதிரி வை."

பாப்லர் மரங்கள் திரும்ப வந்தன. மர்டோ இரண்டு கைகளையும் மேல் இறக்கையைத் தாங்கும் கம்பிகளுக்கு நேராக நீட்டி வைத்திருந்தான். காற்று அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. புல் எழுந்தது. கோல் மெல்ல மெல்ல வயிறு வரை வந்தது. சக்கரம் ஒரு முறை துள்ளியது, பிறகு உருண்டது.

அவள் கொட்டகைக்கு ஓட்டிப் போகவில்லை. தளத்தின் கடைசி மூலையிலேயே இயந்திரத்தை நிறுத்தினாள். விசிறி நின்ற பிறகு ஆடுகள் மேயும் சத்தம் கேட்டது. மர்டோ இறங்கித் திரும்பினான். மெரியானா இன்னும் பின் இருக்கையில் இருந்தாள். இறங்கச் சொல்லிக் கை கொடுத்தான். அவள் கையைப் பிடிக்கவில்லை. தானே இறங்கி, இரண்டடி நடந்து, புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கச்சிதமா இருக்குன்னு சொன்ன" என்றாள். "உக்கார வச்சுப் பாத்தாங்கன்னு சொன்ன."

"பாக்கல. அந்தக் கம்பைப் பிடிச்சதும் கை விடல. ஓடி வந்துட்டேன்."

"நாலு மாசமா காது வலின்னு சொன்ன."

"காது வலிக்கல."

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? ஸ்டிக்கைக் கழட்டி வச்சிருப்பேன். சங்கத்துல எவன் என்ன சொன்னா எனக்கென்ன?"

"நீ ஓட்டுறதை நம்பலன்னு நினைப்பியோன்னு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்தான் இருந்தது. "நம்பாம போனது நான்தான்" என்றாள் கடைசியில். "மேலே இருக்கும்போது, நீதான் பிடிச்சிருக்கன்னு முடிவு பண்ண ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. அப்படியே கத்துனேன்."

தூரத்தில் டெஸ் வண்டியில் வந்துகொண்டிருந்தான். மர்டோ, "எங்களைக் கொன்னுடாதன்னு சொன்னியே. அது..." என்று ஆரம்பித்தான்.

மெரியானா ஒரு கையால் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், மறு கை அடிவயிற்றின் மேல் இருந்தது. "நேத்துதான் தெரிஞ்சுது" என்றாள். "இறங்கினதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன். நானும் மறைச்சேன், போ."

அவளருகே போய் உட்கார்ந்தான். அவளைத் தொட வேண்டும் போலிருந்தது, கை தயங்கியது.

"பிடிச்சுக்கோ" என்றாள் அவள். "கெட்டியா பிடி."